அரைத்தாள் நிபுணர்

2005-ஆம் வருஷம் காசு கொடுத்துப் பாட்டு சிடி வாங்கிய லட்சக்கணக்கான பேரின் கம்ப்யூட்டருக்குள் ஒரு மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் போய் உட்கார்ந்துகொண்டது. நான் தப்பித்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் மாட்டிக்கொள்ள ஒரு தகுதி வேண்டும்: ஒரிஜினல் சிடி வாங்கியிருக்க வேண்டும். சாத்தூரில் தார்ப்பாய் விரித்து விற்ற எம்.பி.3 சிடியைத் தவிர நான் அதுவரை எதுவும் வாங்கியதில்லை. அட்டையில் இளையராஜா சிரித்துக்கொண்டிருப்பார், உள்ளே பாதிக்குமேல் தேவா பாடிக்கொண்டிருப்பார். அந்தத் தட்டுக்குள் பூட்டும் இல்லை, காவலும் இல்லை.

தப்பித்தவன் சும்மா இருந்திருக்கலாம். நம்மால் முடியுமா?

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கணக்கப்பிள்ளை என்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே பேர்தான். மருந்து ரூம், திரி ரூம் எல்லாவற்றுக்கும் தள்ளி, கேட்டை ஒட்டி ஓர் ஆபீஸ். பில் போடுவது, கூலிப் பட்டியல் எடுப்பது, லாரிக்குக் காகிதம் தயார் பண்ணுவது என் வேலை. பாட்டு கேட்பது என் வேலை இல்லை. ஆனால் அதைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.

பாட்டுக் காப்பி எடுப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தப் பக்கம் எல்லாம் சோகப் பாட்டு, அந்தப் பக்கம் எல்லாம் டூயட் என்று பிரித்துப் பதிந்து வாங்கியவர்கள் பலருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அந்தக் காலத்தில் நமக்குத் தெரிந்த பூட்டு ஒன்றே ஒன்று. கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே எதுவும் பதிய முடியாது. கம்பெனி கேசட்டுகள் காது உடைந்தே வரும். பூட்டுக்குச் சாவியும் எல்லார் வீட்டிலும் இருந்தது: அந்தக் குழியின் மேல் ஒட்ட ஒரு துண்டு செலோ டேப்.

முதலாளி வீட்டிலிருந்து ஒருமுறை கேசட் ஒன்று கொடுத்தனுப்பினார்கள். ஊர்க் கோயில் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டு. காது பத்திரமாக உடைக்கப்பட்டிருந்தது. "இதுல இருந்து ஒரு காப்பி எடுத்துக் குடுங்க" என்றார்கள். இரண்டு கேசட் போடும் டேப் ரெக்கார்டரில் எது கொடுக்கும் பக்கம், எது வாங்கும் பக்கம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம். மூலத்தை வாங்கும் பக்கத்தில் போட்டேன். பட்டன் இறங்கவில்லை. அங்கேயே யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது செலோ டேப் எங்கே என்று. கொடுக்கும் பக்கத்தில் கிடந்ததோ வெற்றுக் கேசட்கூட இல்லை, என்னுடைய பழைய சினிமாப் பாட்டுக் கேசட். அம்மன் கதை பாதியில் நின்று, பிருந்தாவனம் மாதிரி ஏதோ ஒரு தோட்டத்தில் ஒரு ஜோடி பாட ஆரம்பித்தது. முதலாளியின் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "வில்லுக்காரரு அந்த வருஷம் இப்படியெல்லாமா பாடுனாரு?" என்று மட்டும் கேட்டார்களாம். நான் வாயைத் திறக்கவில்லை.

நம் கேசட் காதைவிட எளிய பூட்டுகளைப் பெரிய கம்பெனிகள் போட்டிருக்கின்றன என்று பிற்பாடு படித்தபோது மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. 2002-ல் பாடகி செலின் டியானின் சிடி ஒன்று ஐரோப்பாவில் பூட்டோடு வந்தது. தட்டின் வெளி விளிம்பில் இருந்த ஒரு வளையம்தான் கம்ப்யூட்டரைக் குழப்பியது. அந்த வளையத்தின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்தால் போதும், பூட்டு கழன்றது. நம் செலோ டேப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. 2003-ல் அமெரிக்காவில் சன்காம் என்ற கம்பெனி மீடியாமேக்ஸ் என்று ஒரு பூட்டு செய்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேன், சிடியைப் போடும்போது ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் அந்த மென்பொருள் ஓடவே ஓடாது என்று எழுதினார். விண்டோஸில் சிடி தானாக ஓடத் தொடங்குவதை நிறுத்தும் வழி அது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். கம்பெனி அவர் மேல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போடுவேன் என்றது. ஊரே சிரித்ததும் விட்டுவிட்டது.

சிரித்தவர்களுக்கு 2005-ல் பதில் வந்தது. சோனி பிஎம்ஜி என்ற பாட்டுக் கம்பெனி, ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி எழுதிய எக்ஸ்சிபி என்ற மென்பொருளை 52 ஆல்பங்களில் சேர்த்தது. தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நீளமான ஒப்பந்தம் வரும். யாரும் படிக்காத அதற்குச் சம்மதம் என்று அழுத்தினால் பாட்டு பாடும். மூன்று காப்பிக்கு மேல் எடுக்க விடாது. அதுவரை சரி, அவர்கள் சரக்கு, அவர்கள் விதி. ஆனால் அந்த மென்பொருள் தன்னை மறைத்துக்கொண்டது. டாலர் குறி, எஸ், ஒய், எஸ், மறுபடி டாலர் குறி என்று தொடங்கும் எந்தக் கோப்பையும் விண்டோஸ் கண்ணுக்கே காட்டாதபடி உள்ளே ஒரு ஏற்பாடு செய்தது. இதைத்தான் ரூட்கிட் என்கிறார்கள். அதுவரை அது கள்வர்களின் கருவியாக இருந்தது. நீக்கும் வழியும் கொடுக்கவில்லை. பலவந்தமாகப் பிடுங்கினால் சிடி டிரைவே காணாமல் போகும்.

கண்டுபிடித்தவர் மார்க் ருசினோவிச், விண்டோஸின் உள்ளும் புறமும் தெரிந்தவர். தான் எழுதிய ரூட்கிட் தேடும் கருவியைத் தன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்தபோது ஏதோ மறைந்திருப்பது தெரிந்தது. தோண்டிக்கொண்டே போனால், தான் காசு கொடுத்து வாங்கிய வான் ஸான்ட் சகோதரர்களின் பாட்டுத் தட்டில் போய் முடிந்தது. அதை அவர் வெளியிட்ட நாள் 2005 அக்டோபர் 31. நமக்கு மறுநாள் தீபாவளி. எங்கள் ஊர்ச் சரக்கு நாடெங்கும் வெடித்துக்கொண்டிருந்தபோது அங்கே இது வெடித்தது.

பத்து நாளுக்குள் அந்த மறைவிடத்தில் வைரஸ்கள் குடியேறின. தன் பெயருக்கு முன்னால் அந்த டாலர் குறிகளைப் போட்டுக்கொண்டால் போதும், எந்தக் காவல்காரனுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களும் அதே இடத்தில் தங்கள் சாமானை ஒளித்துவைத்தார்கள். அமெரிக்க வானொலியில் இதைப் பற்றிக் கேட்டபோது கம்பெனியின் பெரிய அதிகாரி தாமஸ் ஹெஸ்ஸி, பெரும்பாலானவர்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும் என்ற அர்த்தத்தில் பேசினார். அவர் சொன்ன பெரும்பாலானவர்களில் நானும் ஒருவன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கவலை மட்டும் நிறைய வந்தது.

எனக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வெடிக்குக் குழாய் உருட்ட ஆலைக்குப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். நடுவில் இங்கிலீஷ் பேப்பர் கண்ணில் பட்டால் ஒரு தாளை உருவி மேஜைக்குக் கொண்டுவந்துவிடுவேன். படிக்கிற பழக்கம் உண்டு என்று நாலு பேர் பார்க்கட்டுமே. 2006 தொடக்கத்தில் அப்படி உருவிய தாள் ஏற்கெனவே அளவுக்கு வெட்டியாகிவிட்டது. செய்தியின் இடப்பாதி மட்டும் இருந்தது. பாட்டு சிடி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் ரகசிய மென்பொருள் புகுகிறது, விண்டோஸுக்கே தெரியாமல் ஒளிந்துகொள்கிறது, அதன் வழியாக வைரஸ் வருகிறது என்பதுவரை படித்தேன். எந்தெந்த சிடி, அவை பெரும்பாலும் அமெரிக்காவில் விற்றவை என்கிற விவரமெல்லாம் வலப்பாதியில் இருந்திருக்க வேண்டும். அது அதற்குள் ஏதோ ஒரு அக்கா கையில் குழாயாகிவிட்டது.

பாதிச் செய்தி தெரிந்தவன் பேசுகிற அளவுக்கு முழுச் செய்தி தெரிந்தவன் பேச மாட்டான். அன்று மத்தியானமே முதலாளியிடம், "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாட்டு சிடி யாரும் போடக் கூடாது மொதலாளி" என்றேன்.

"உன்னத் தவிர யாருய்யா போடுறா?" என்றார்.

சாயங்காலம் எல்லாரும் போனபின் வேட்டையில் இறங்கினேன். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்று விண்டோஸிலேயே ஒரு இடம் உண்டு. அதைத் திறந்து, காட்டாதே என்று போட்டிருந்த டிக்கையெல்லாம் எடுத்துவிட்டேன். எச்சரிக்கை ஒன்று வந்தது. சரி என்றேன். அடேயப்பா, எத்தனை கோப்புகள்! அதுவரை பார்த்தே இராத பெயர்கள், மங்கலாக, பேய் மாதிரி வரிசையில் நின்றன. சி டிரைவைத் திறந்த உடனே ஒன்று கிடந்தது. என்டிஎல்டிஆர் என்று பெயர். உயிரெழுத்தே இல்லாத பெயர் வைத்திருப்பவன் யோக்கியனாக இருக்க முடியாது என்று தீர்மானித்து அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் ஒரே வரியைக் காட்டியது: என்டிஎல்டிஆர் காணவில்லை. நான் கொன்றுபோட்டது விண்டோஸைத் தூக்கி நிறுத்துகிற கோப்பு. அது இல்லாமல் இயந்திரம் கண் விழிக்காது. உண்மையான ரூட்கிட்டாக இருந்தால் நான் எத்தனை டிக்கை எடுத்தாலும் என் கண்ணில் பட்டிருக்காது. கண்ணில் பட்டதே அது நிரபராதி என்பதற்குச் சாட்சி. இந்தத் தர்க்கம் எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

வடக்கே போகிற லாரி வாசலில் நின்றது. பில் இல்லாமல் நகராது. சிவகாசியிலிருந்து மெக்கானிக் தம்பி வருகிறவரை, பரணில் கிடந்த பழைய பில் புத்தகத்தை இறக்கி, கார்பன் பேப்பர் வைத்து, அழுத்தி அழுத்தி எழுதினேன். மூன்று காப்பி. சோனி பிஎம்ஜி அனுமதித்ததும் அதே மூன்றுதான்.

தம்பி வந்து பார்த்துவிட்டு, "யாருண்ணே இத அழிச்சது?" என்றான்.

"வைரஸு" என்றேன்.

"வைரஸு குப்பைத்தொட்டியையும் சேத்தா காலி பண்ணிட்டுப் போகும்?"

முதலாளி என்னைத்தான் பார்த்தார். "வெளிநாட்டுச் சரக்கு மொதலாளி, நமக்குப் பிடிபடாது" என்றேன்.

ஒளிந்திருப்பதைத் தேடுவதில் என் ராசி அப்படி. எங்கள் வட்டாரத்தில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை குழி வெட்ட ஆரம்பித்தது. சங்கு வளையலும் சுடுமண் பொம்மையும் பாசிமணிகளுமாக வந்துகொண்டே இருந்தன. வைப்பாற்றங்கரையில் அந்த மேட்டின் மேல் வாலிபத்தில் நான் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். காலில் தட்டுப்பட்ட வளையல் துண்டை எட்டி உதைத்திருக்கிறேன். நிஜமாகவே ஒளிந்திருந்ததன் மேல் நின்றுகொண்டு செல்போனில் சிக்னல் தேடியவன், ஒன்றுமே ஒளிந்திராத கம்ப்யூட்டரைத்தான் தோண்டினேன்.

வலப்பாதிக் கதையைப் பின்னால் சிவகாசி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். எக்ஸ்சிபி இருந்த தட்டுகள் 47 லட்சம் வெளியே போய், 21 லட்சம் விற்றிருந்தன. டான் காமின்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 5 லட்சத்துக்கு மேற்பட்ட நெட்வொர்க்குகளில் அதன் தடத்தைப் பார்த்தார். கம்பெனி அவசரமாக வெளியிட்ட நீக்கும் கருவி இன்னொரு ஓட்டையைத் திறந்துவைத்தது என்று அதே ஹால்டர்மேனும் அவருடைய பேராசிரியர் எட் ஃபெல்டனும் காட்டினார்கள். சன்காமின் மீடியாமேக்ஸோ இன்னும் ஒரு படி மேலே: ஒப்பந்தத்துக்குச் சம்மதம் இல்லை என்று அழுத்தினாலும் உள்ளே இறங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த விவரம் வேறு. காப்பியைத் தடுக்கப் பிறந்த எக்ஸ்சிபிக்குள்ளேயே, லேம் என்ற திறந்த மூல மென்பொருளின் வரிகள், அதன் உரிம விதிகளை மதிக்காமல் எடுத்துச் செருகப்பட்டிருந்தன. திருட்டுக்குப் பயந்து போட்ட வேலிக்கு, முள்ளைப் பக்கத்துக் காட்டில் வெட்டியிருக்கிறார்கள்.

ஸ்விட்ச்ஃபுட் என்ற குழுவின் ஆல்பத்திலும் இந்தப் பூட்டு இருந்தது. ரசிகர்கள் ஐபாடில் ஏற்ற முடியாமல் திண்டாடியதைப் பார்த்து, அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரே பூட்டைத் தாண்டும் வழியை எழுதிப் போட்டார். அவர் பெயர் டிம் ஃபோர்மேன். எங்கள் ஆலைகளிலும் எது எங்கே வெடிக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் போர்மேன்தான்.

2005 நவம்பர் நடுவில் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். டெக்சாஸ் அரசு வழக்குத் தொடுத்தது. 2006 மே மாதம் முடிந்த பொது வழக்கில், வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாத தட்டும், ஏழரை டாலரோடு ஓர் ஆல்பமும், அல்லது காசுக்குப் பதில் மூன்று ஆல்பமும் என்று தீர்ந்தது. கம்ப்யூட்டர் கெட்டதற்கு 150 டாலர் வரை தர வேண்டும் என்று 2007-ல் இன்னோர் ஏற்பாடு. நான் மெக்கானிக்குக் கொடுத்ததை யாரிடம் கேட்க?

இத்தனையும் படித்த பிறகு, இனிமேல் யோக்கியனாக வாழ்வது என்று முடிவுசெய்தேன். கொஞ்சம் பயமும் உண்டு. 2004-லேயே திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். சாத்தூர்த் தார்ப்பாய்க்காரர் ஜீப்பைக் கண்டால் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். அப்படி ஒருநாள் நடந்தபோது பக்கத்தில் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மூட்டைக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன், மிச்சச் சில்லறைக்காக. ஆகவே மதுரைக்குப் போனபோது, 2005-ல் வந்த இளையராஜாவின் திருவாசகம் சிம்பொனியை ஒரிஜினலாகவே வாங்கினேன். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் ஆபீஸ் மேஜையில் வைத்து நாலு பேருக்குக் காட்டினேன். மச்சான் ஒருவர் கேட்டுவிட்டுத் தருவதாக வாங்கிப் போனார். நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தது. அதே டப்பா, அதே அட்டை. உள்ளே இருந்த தட்டில் மார்க்கர் பேனாவால் "திருவாசகம்" என்று எழுதியிருந்தது. ஒரிஜினலை அவர் வைத்துக்கொண்டார். நான் பலரிடம் செய்ததுதான், ஒன்றும் சொல்வதற்கில்லை.

சிடி காலம் முடிந்தது. போன் காலம் வந்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் காலையில் கேட்டிலேயே வாங்கி ஆபீஸில் வைத்துவிடுவோம். அதனால் யார் போனில் என்ன வந்தாலும் முதலில் தெரிவது எனக்குத்தான், என் போனைத் தவிர. ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "ஒன் நம்பருக்கு அடிச்சா என்னய்யா குத்துப்பாட்டு ஓடுது? பேங்க் மேனேஜரு சிரிக்காரு" என்றார். காலர் ட்யூன். மாதம் முப்பது ரூபாய் போய்க்கொண்டிருந்திருக்கிறது. என்னைக் கூப்பிடுகிற அத்தனை பேருக்கும் அது கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்காது. நம் எண்ணை நாமே எப்படிக் கூப்பிடுவது?

கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று ஒரு வாரம் குதித்தேன். பிறகு ஞாபகம் வந்தது. ஒரு ஏஜென்டைக் கூப்பிட்டபோது, இந்தப் பாட்டைக் காப்பி செய்ய ஸ்டாரை அழுத்தவும் என்று ஒரு குரல் சொன்னது. என் ஆயுசில் முதல் முறையாக ஒரு கம்பெனியே வாய் திறந்து காப்பி அடிக்கச் சொல்கிறது. விடுவேனா?

ஆனால் கேட்டில் இருந்த போன்களில் எத்தனையோ அக்காமார் ஸ்டாரைத் தொடாமலே மாட்டியிருந்தார்கள். ரீசார்ஜ் பண்ணிய காசு ராத்திரியோடு கரைந்தது. நாடெங்கும் இதே புகார்தான். வாடிக்கையாளர் உறுதி சொல்லாமல் இந்தச் சேவைகளுக்குக் காசு பிடிக்கக் கூடாது என்று 2011 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. 2013 ஜூலையில் இரண்டு தரம் சம்மதம் கேட்க வேண்டும் என்று இறுக்கியது. படித்தவன் என்று அக்காமார் நம்பி என்னிடம் போனை நீட்டுவார்கள். கஸ்டமர் கேருக்கு அடித்து அது சொன்ன எண்களை அழுத்துவேன். சரம் பின்னுகிற ஒரு அக்காவுக்குப் பாட்டை எடுக்கப் போய் தினசரி ராசிபலனைச் சேர்த்துவிட்டேன். என்னிடம் இரண்டு தரம் சம்மதம் கேட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு தரமும் ஒன்றை அழுத்தியவன் நான்தான்.

"கணக்கப்பிள்ள, எனக்கு இன்னிக்கு சந்திராஷ்டமமாம்ல. அதுக்கும் காசு புடிச்சிட்டான்" என்றாள் அக்கா.

இதற்கிடையில் பூட்டுப் போட்ட கம்பெனிகளே மனம் மாறிவிட்டன. சோனி பிஎம்ஜியில் கூட்டாளியாக இருந்த பெர்டெல்ஸ்மானின் பங்கை 2008-ல் சோனி வாங்கிக்கொண்டு சோனி மியூசிக் ஆனது. 2011 நவம்பர் 16 அன்று அதே சோனி மியூசிக் 'கொலவெறி' பாட்டை யூடியூபில் இலவசமாகவே விட்டது. தட்டுகளைத் திரும்பப் பெற்று ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. பூட்டை உடைப்பதற்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று 2012-ல் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தபோது, பாட்டு கேட்கிறவன் உடைக்கப் பூட்டு எதுவும் மிச்சம் இல்லை.

இப்போது ஆபீஸில் வேறு கம்ப்யூட்டர், சிடி டிரைவே கிடையாது. பில் போட ஒரு தங்கச்சி வந்திருக்கிறாள். நான் மேற்பார்வை. யாராவது பென் டிரைவ் கொண்டுவந்தால் மட்டும் அவளை எழுப்பிவிட்டு நான் உட்காருவேன். இடது கையால் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சொருகுவேன். பென் டிரைவ் தானாக ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2011-லேயே நிறுத்திவிட்டது என்று தெரிந்தும் கை கேட்பதில்லை. போன வாரம் அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"எதுக்குண்ணே அத அமுக்குறீங்க?"

பிரின்ஸ்டன், சன்காம், ஒரு கோடி டாலர் என்று விலாவாரியாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பக்கத்து ஷிப்ட்டு தீபாவளிக்கு முன்னாலயே போயிருச்சுண்ணே. நீங்கதான டீயக் கொட்டுனீங்க" என்றாள்.